அறிக்கை வந்தது, பதில் வரவில்லை

கோலாலம்பூரில் நிருபர்களும் அமைச்சுகளின் ஊடகப் பிரிவு ஆட்களும் ஒரே வாட்சப் குழுவில்தான் இருக்கிறோம். தீபாவளி, நோன்புப் பெருநாள் வாழ்த்து எல்லாம் உண்டு. அந்த நெருக்கம்தான் செய்தியைக் கெடுக்கிறது என்கிறார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழக்கம் இல்லாவிட்டால் இராத்திரி ஒன்பது மணிக்கு யார் போனை எடுப்பார்?

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு தமிழ்ப்பள்ளியின் இணைக்கட்டடம் ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்டால், அந்தக் கோப்பைப் பார்க்கும் பொறியாளர் வாய் திறக்க முடியாது. அரசு ஊழியர் நடத்தை, ஒழுங்கு பற்றிய 1993ஆம் ஆண்டு விதிமுறைகளில் 19ஆவது விதி அப்படி: அமைச்சரின் அனுமதி இல்லாமல் பொது அறிக்கை கூடாது. அதற்கு மேல் 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ ரகசியச் சட்டம். 1986 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஓராண்டு சிறை. யார் துணிவார்?

ஆக, எல்லாக் கேள்வியும் யுகேகே மேசைக்குத்தான், அதாவது அமைச்சின் ஊடகத் தொடர்புப் பிரிவுக்கு. அங்கே இருப்பவருக்குக் கட்டடமும் தெரியாது, கணக்கும் தெரியாது. "இமெயில் பண்ணுங்க அபாங் (அண்ணா)" என்பார். கேள்வி மேலே போய், கீழே இறங்கி, நாம் கேட்காத எதற்கோ பதிலாக மலாயில் ஓர் அறிக்கை வரும். எத்தனை ரிங்கிட் என்று இருக்கும். எப்போது முடியும் என்று இருக்காது.

அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவர்களில் சிலர் நேற்றுவரை நம்மோடு செய்தியாளர் கூட்டங்களுக்கு ஓடியவர்கள், சம்பளத்துக்காகப் போனவர்கள். (நம் சம்பளம் தெரிந்தவன் குறை சொல்ல மாட்டான்.) "இன்றைக்குப் பதில் கிடைக்காது, காத்திருக்காதீர்கள்" என்று நேராகச் சொல்லும் அதிகாரி எனக்குப் பத்து அறிக்கைக்குச் சமம்.

நம் பக்கம்தான் எனக்கு அதிகக் கோபம். அறிக்கையை அப்படியே தமிழாக்கி, 'நமது நிருபர்' என்று போட்டுப் பக்கத்தை நிரப்புகிறோம். தமிழ்ப்பள்ளி, கோயில் நிலம், இடுகாடு பற்றி நாம் கேட்காவிட்டால் வேறு எந்த ஏடு கேட்கும்? சிலாங்கூரிலும் பினாங்கிலும் மாநில அளவில் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. கூட்டரசு அமைச்சுகளை அது தொடாது, சரி. மாநில இலாகாக்களுக்காவது தகவல் கேட்கும் அந்த விண்ணப்பப் பாரத்தை நம்மில் எத்தனை பேர் நிரப்பியிருக்கிறோம்?

அதை நிரப்பத் தொடங்கும்வரை, செய்தியின் அடியில் ஒரு வரி போடலாம்: 'எப்போது முடியும் என்ற கேள்விக்கு அமைச்சு பதில் தரவில்லை.' நான் போட்டிருக்கிறேன். குழுவிலிருந்து யாரும் என்னைத் தூக்கவில்லை. மறுநாள் காலையில் யுகேகே அதிகாரியிடமிருந்து போன் வந்தது. திட்டத்தான்; ஆனால் தேதியையும் சொல்லிவிட்டே வைத்தார்.