கைகால் நல்லாத்தானே இருக்கு, பிறகென்னத்துக்கு பிப்?

லண்டனில எங்கட சனத்துக்கு, ஆருக்காவது பிப், அதாவது வருத்தத்தால சில அலுவல் செய்ய ஏலாத ஆக்களுக்கு அரசாங்கம் குடுக்கிற காசு, கிடைச்சிட்டுது எண்டு காதில விழுந்தா முதல் வாற கேள்வி "அவவுக்கு என்ன வருத்தமாம்?" எண்டதுதான். பதகளிப்பு (ஆங்ஸைற்றி), பனிக் அட்டாக், வெளிய போகப் பயம் எண்டு சொன்னா உடன முகம் மாறும். "ஓ... கைகால் எல்லாம் நல்லாத்தானே இருக்கு, போன மாசம் சாமத்திய வீட்டிலயும் கண்டனே." சாமத்திய வீட்டில கண்டதுதான் எங்கட ஆக்களுக்கு மெடிக்கல் ரிப்போட்.

தெரிஞ்ச ஆக்களுக்கு போம் நிரப்பேக்க பக்கத்தில இருந்து, நிலைமையை விசாரிக்கிற அசெஸ்மென்ற் நேரமும் கூட இருந்து பழகினதில சொல்லுறன், பதகளிப்புக்கு பிப் எடுக்கிறது கள்ளமும் இல்லை, ஓட்டையும் இல்லை. ஆனா உண்மையா வருத்தமான எங்கட ஆக்களுக்கு அது கிடைக்காமப் போறதுக்கு முக்கிய காரணம் எங்கட வீடுகள்தான். வருத்தக்காரரை வீடே பொத்திப் பொத்தி வைச்சு, அவையால ஏலாதது ஒண்டும் வெளிய தெரியாமப் பண்ணிப்போடும். பேந்து அசெஸ்மென்றில "நான் சமாளிப்பன்" எண்டு ஒரு வசனம், கதை முடிஞ்சுது.

முதல் இது என்ன காசு எண்டு விளங்கோணும், ஏனெண்டா கனபேர் வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கான யூனிவர்சல் கிரெடிற்றோட போட்டுக் குழப்பினம். பிப், அதாவது பேர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமென்ற், 2013இல வேலை வயசு ஆக்களுக்கு, பழைய டிஎல்ஏ எண்ட டிஸபிலிற்றிக் காசுக்குப் பதிலா வந்தது. வேலை செய்தாலும் எடுக்கலாம், பாங்கில எவ்வளவு கிடக்கு எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. நாளாந்த சீவியத்தில 10 விசயம், வெளிய நடமாடுறதில 2 விசயம், ஒவ்வொண்டுக்கும் பொயின்ற் இருக்கு. ஒரு பக்கத்தில 8 பொயின்ற் வந்தா ஸ்டான்டட் (குறைஞ்ச) காசு, 12 வந்தா என்ஹான்ஸ்ட் (கூடின) காசு. 2025-26 கணக்கில நாளாந்தப் பக்கம் ஸ்டான்டட் கிழமைக்கு 73.90 பவுண்ஸ், நடமாட்டப் பக்கம் 29.20 எண்டு இருந்தது. ஸ்கொட்லாந்தில இருக்கிற ஆக்களுக்கு இது வேற பேரில, அடல்ட் டிஸபிலிற்றி பேமென்ற் எண்டு வரும்.

இதில வருத்தத்தின்ர பேருக்கு ஒரு பொயின்றும் இல்லை. ஜிபி (குடும்ப டொக்டர்) எழுதித் தந்த கடிதத்தில "ஆங்ஸைற்றி, சேர்ட்ரலின் எடுக்கிறா" எண்டு வருத்தமும் குளிசையும் மட்டும் இருந்தா அது பூச்சியம் மாதிரித்தான், பிப் முடிவு எடுக்கிறவைக்கு வேண்டியது அந்த வருத்தத்தால நீங்கள் எதைச் செய்ய ஏலாம இருக்கிறீங்கள், ஆர் வந்து செய்து தருகினம், ஆர் சொன்னாத்தான் செய்யிறீங்கள் எண்டது. அங்கதான் நாங்கள் விழுறது.

ஒரு அக்காவைச் சொல்லுறன், பேர் வேண்டாம். கடைக்குப் போவா, ஆனா மகளோட கோல் போட்டு காதில வைச்சுக்கொண்டுதான் போவா, மகள் லெக்சரில இருந்தாலும் லைன் வெட்டக்கூடாது. தெரிஞ்ச ரோட் மட்டும்தான், புது இடம் எண்டா மகள் கையைப் பிடிச்சுக்கொண்டு போகோணும். காசு குடுக்கிற ரில்லில சனம் கூடினா ட்ரொலியை அப்பிடியே நடுவில விட்டிட்டு வந்திடுவா. கோயிலுக்குப் போறது கிழமை நாளில, காலமை, கூட்டம் இல்லாத நேரம், அதுவும் செருப்பு விடுற இடத்துக்குக் கிட்ட நிண்டு கும்பிட்டிட்டு ஓடி வாறது. கடிதம் உடைக்க மாட்டா. மண்ணிறக் கவர் எல்லாம் அரிசி மூட்டைக்குப் பின்னால கிடக்கும், மகள் சனிக்கிழமையில எடுத்து உடைச்சுப் பாக்கும். மத்தியானம் சாப்பிடச் சொல்லி மகள் மெசேஜ் போட்டு, தட்டை படம் எடுத்து அனுப்பச் சொல்லாட்டி சாப்பாடு அப்பிடியே பானைக்க கிடக்கும். இவ்வளவும் நடக்கிற வீட்டுக்குள்ள ஒருத்தரும் அவவை வருத்தக்காரி எண்டு சொல்லுறேல்லை, "அம்மா கொஞ்சம் யோசனைக்காரி" எண்டுதான் கதை.

அசெஸ்மென்ற் ரெலிபோனில நடந்தது, நான் பக்கத்தில இருந்தனான். கேள்வி கேட்ட பெட்டை மரியாதையாத்தான் கேட்டுது. கடைக்குப் போவீங்களோ? ஓம் போவன். சமைப்பீங்களோ? ஓம், ஒவ்வொரு நாளும். ஆக்களோட கதைப்பீங்களோ? ஓம், கோயிலில எல்லாரையும் தெரியும். மகள் கண்ணைக் காட்டுது, தலையை ஆட்டுது, அக்கா பாக்கவே இல்லை. கதிரை நுனியில இருந்துகொண்டு சீலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரலில சுத்தினபடி, குரல் மட்டும் சாமான் விக்கிற ஆள் மாதிரி அவ்வளவு உற்சாகம். போன் வைச்ச பிறகு கைகால் நடுங்கி அறைக்குள்ள போய்ப் படுத்தவ பின்னேரம்தான் எழும்பினது. ரெலிபோனில அது தெரியுமோ? ரிப்போட்டில அவ சொன்னதைத்தான் எழுதியிருந்தினம், முடிவும் அதுக்கேத்த மாதிரியே வந்துது. அதில எழுதினவைக்கு ஒரு குறையும் சொல்ல எனக்கு வாய் வரேல்லை.

ஏன் அப்பிடிச் சொன்னவ எண்டு கேட்டா, "தெரியாத பெட்டைக்கு முன்னால எனக்கு ஏலாது எண்டு எப்பிடிச் சொல்லுறது" எண்டுறா. இன்னொண்டும் சொன்னவ, அதுதான் எனக்குக் கனக்க யோசிக்க வைச்சது, "பங்கருக்குள்ள இருந்து வந்த சனம் நாங்கள், இதெல்லாம் ஒரு வருத்தமோ" எண்டு. ஷெல்லடிக்க ஓடினதை வைச்சுத்தான் எங்கட தலைமுறை எல்லாத்தையும் அளக்குது. சத்தம் கேட்டா நெஞ்சு அடிக்கிறது, நித்திரை இல்லாதது, வீட்டை விட்டு வெளிக்கிட ஏலாதது எல்லாம் வழமை எண்டு ஆக்கிப்போட்டம்.

சட்டம் எங்களை விட நல்லா விளங்கி வைச்சிருக்கு எண்டதுதான் பகிடி. ஒரு வேலையை "செய்வன்" எண்டு சொல்லுறதெண்டா அதைப் பாதுகாப்பா, ஒழுங்கா, வேணும்போது திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள்ள செய்ய ஏலோணும் எண்டு பிப் விதியிலயே கிடக்கு. அதுவும் அரைவாசி நாளுக்கு மேல நிலைமை எப்பிடி எண்டதுதான் கணக்கு. கடைக்குப் போய் ட்ரொலியை விட்டிட்டு ஓடி வாறது அந்தக் கணக்கில கடைக்குப் போனது இல்லை. அதோட ஆக்களோட பழகிறது எண்ட பகுதியில, பழக்கப்பட்ட ஒருத்தற்ற துணை இருந்தாத்தான் ஏலும் எண்டா 4 பொயின்ற். அந்தத் துணை பயிற்சி எடுத்த நேர்ஸா இருக்கத் தேவையில்லை, வருத்தக்காரரைத் தெரிஞ்சு கையாளப் பழகின வீட்டு ஆக்களும் சரிதான் எண்டு சுப்ரீம் கோர்ட்டே 2019 யூலையில சொல்லிப்போட்டுது. அப்ப மகள் செய்யிற உதவிதானே சாட்சி! அதைத்தானே நாங்கள் மறைக்கிறம்.

அக்காவுக்கு பேந்து, முடிவை எதிர்த்து அப்பீல் கேக்கிற ட்ரைபியூனல் வரைக்கும் போகவேண்டி வந்துது. ஒரு ஜட்ஜ், ஒரு டொக்டர், டிஸபிலிற்றி பற்றித் தெரிஞ்ச இன்னொருத்தர், மூண்டு பேர். அவை அக்காவோட கனக்கக் கதைக்கேல்லை, மகளைப் பாத்துத்தான் "நீங்கள் ஒரு கிழமை வீட்டில இல்லாட்டி என்ன நடக்கும்?" எண்டு கேட்டினம். பிள்ளை அந்த சாப்பாட்டுப் படங்களை போனில திறந்து காட்டிச்சுது. சாப்பாட்டுக்கு 4, ஆக்களோட பழகிறதுக்கு 4, தெரியாத இடத்துக்குத் தனியப் போக ஏலாததுக்கு 10. ரெண்டு பக்கமும் ஸ்டான்டட் கிடைச்சுது. அந்தப் பிள்ளை அம்மாவை விட்டிட்டுப் போக ஏலாமத்தான் லண்டனுக்குள்ளயே யூனி எடுத்தது எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். முழுநேரம் படிக்கிற பிள்ளைக்கு, வருத்தக்காரரைப் பாக்கிறவைக்குக் குடுக்கிற கேரர்ஸ் அலவன்ஸும் இல்லை, அது வேற எரிச்சல், அதை இன்னொரு நாள் எழுதுறன்.

இப்ப "கள்ளக் காசு" எண்டுறவைக்கு வாறன். உங்கட கதை புதுசு இல்லை, வெள்ளைக்காரர் உங்களுக்கு முதலே சொல்லிப்போட்டினம். 2016 கடைசியில, மன வேதனையால தனிய வெளிய போக ஏலாத ஆக்களுக்கும் நடமாட்டப் பொயின்ற் கூடக் குடுக்கலாம் எண்டு மேல் ட்ரைபியூனல் தீர்ப்புச் சொல்ல, அரசாங்கம் அடுத்த மார்ச்சிலயே விதியை மாத்தி "மன வேதனை தவிர்ந்த காரணத்துக்கு" எண்டு செருகிச்சுது. அந்த நேரம் பிரதமர் தெரேசா மேயின்ர கொள்கைக் குழுத் தலைவரா இருந்த எம்பி ஜோர்ஜ் ஃப்ரீமன், காசு உண்மையா டிஸபிள் ஆன ஆக்களுக்குப் போகோணும், வீட்டில இருந்து ஆங்ஸைற்றிக்குக் குளிசை போடுற ஆக்களுக்கு இல்லை எண்ட மாதிரி ரேடியோவில சொல்லி, பேந்து மன்னிப்புக் கேட்டவர். 2017 டிசம்பரில ஹைகோர்ட் அந்த விதி மாத்தம் அப்பட்டமான பாரபட்சம் எண்டு அடிச்சுப் போட்டுது. அரசாங்கம் அப்பீலும் பண்ணேல்லை, 16 லட்சம் பேற்ற கேஸைத் திரும்பப் பாக்கிறம் எண்டு 2018 தொடக்கத்தில அறிவிக்கவேண்டி வந்துது. சாமத்திய வீட்டில கண்டன் எண்டு கதைக்கிற அண்ணைமார் அந்தத் தீர்ப்பை ஒருக்கா வாசிக்கலாம்.

லேபர் கட்சி ஆட்சிக்கு வந்தாப் போல மட்டும் என்ன? 2025 மார்ச்சில, அந்த நேரம் அமைச்சரா இருந்த லிஸ் கெண்டல் கொண்டுவந்த திட்டத்தில, ஏதாவது ஒரு விசயத்திலயாவது 4 பொயின்ற் இல்லாட்டி நாளாந்தப் பக்கக் காசு இல்லை எண்டு இருந்தது. பதகளிப்புக்காரரில கனபேருக்கு பொயின்ற் வாறதே ரெண்டு ரெண்டாத்தான், குளிக்க ஆராவது சொல்லோணும் 2, உடுப்பு மாத்தச் சொல்லோணும் 2, சமைக்கச் சொல்லோணும் 2, இப்பிடி. அவையை நேரா வெட்டுற திட்டம் அது. சொந்தக் கட்சி எம்பிமாரே எதிர்த்து நிக்க, யூலை 1 வோட் நேரத்தில அந்தப் பகுதியைக் கைவிட்டு, அந்த நேரம் அமைச்சரா இருந்த ஸ்டீபன் டிம்ஸின்ர ரிவியூவுக்கு எண்டு தள்ளிப்போட்டினம். கைவிட்டது எண்டு நான் நம்பேல்லை, தள்ளிப்போட்டது எண்டுதான் நினைக்கிறன்.

காசு வாங்கிக்கொண்டு போம் நிரப்புற எங்கட ஆக்கள் சிலரும் இருக்கினம். ஒரே வசனத்தை எல்லாருக்கும் ஒட்டுறது, "கட்டிலை விட்டு எழும்ப மாட்டார்" எண்டு எழுதிப்போட்டு ஆள் அசெஸ்மென்றில "காலமை வேலைக்குப் போறனான்" எண்டு சொல்ல முழிக்கிறது. பொய் தேவையே இல்லையப்பா! உள்ளதை வடிவா எழுதினாலே காணும். ட்ரொலியை விட்டிட்டு வந்ததை, அரிசி மூட்டைக்குப் பின்னால கிடக்கிற கவரை எழுதுங்கோ. நல்ல நாளைப் பற்றி மட்டும் சொல்லாதேங்கோ, கூடாத நாளையும், அது மாசத்தில எத்தினை நாள் வருது எண்டதையும் எழுதுங்கோ.

பிள்ளையளை மொழிபெயர்க்க வைக்காதேங்கோ. தமிழ் இன்ரப்ரீற்றர் கேட்டா ஒழுங்கு செய்து தருவினம், மகன் பக்கத்தில இருந்தா எந்தத் தகப்பன் தனக்குக் குளிக்கப் பயம் எண்டு சொல்லுவார்? பிள்ளை தான் செய்யிற உதவியை தனிக் கடிதமா எழுதித் தரட்டும். போம் வந்தா ஒரு மாசத்துக்குள்ள திருப்பி அனுப்போணும். முடிவு பிழையா வந்தா ஒரு மாசத்துக்குள்ள மான்டற்றரி ரீகன்சிடரேஷன், அதாவது முடிவைத் திரும்பப் பாக்கச் சொல்லி, கேக்கோணும், அதுவும் சரி வராட்டி ட்ரைபியூனல். வீசாவில பப்ளிக் ஃபண்ட்ஸ் (அரசாங்க உதவிக் காசு) இல்லை எண்டு கிடந்தா தொடாதேங்கோ, அகதி ஸ்டேற்றஸ் கிடைச்ச ஆக்கள் போடலாம்.

இன்பொக்ஸில போமைப் படம் எடுத்து அனுப்பி "தங்கச்சி நிரப்பித் தாம்" எண்டு கேக்கிறவைக்கு: நான் அட்வைசர் இல்லை, பக்கத்தில இருக்கிற சிட்டிசன்ஸ் அட்வைஸ் எண்ட ஆலோசனைத் தொண்டு நிறுவனத்துக்குப் போங்கோ, அங்க காசு எடுக்க மாட்டினம். கூட வாறதுக்கு ஆள் இல்லையெண்டா சொல்லுங்கோ, ஈஸ்ட்ஹாம், இல்ஃபர்ட் பக்கம் எண்டா வாறன்.