சிறுத்தைக் கூண்டும் லைன் வீட்டு வாசலும்

2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் பந்தலூர் அருகே மூன்று வயதுக் குழந்தை, அதே ஆண்டு அக்டோபரில் வால்பாறையில் ஒரு சிறுமி, 2025 ஜூனில் மீண்டும் வால்பாறையில், பச்சைமலை எஸ்டேட்டில் இன்னொரு சிறுமி. மூவரையும் சிறுத்தை கொன்றது. மூவரின் பெற்றோரும் ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள். வனத்துறை கூண்டு வைக்கிறது, சிறுத்தை பிடிபடுகிறது, செய்தியும் அத்தோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைகள் குடியிருந்த வீடுகளைப் பற்றி நாம் பேசுவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

வால்பாறை எஸ்டேட்டுகளில், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லைன் வீடுகள் பலவற்றுக்குச் சில அடி தள்ளியே தேயிலைச் செடி தொடங்கிவிடுகிறது. கொழுந்து பறிப்பவருக்கு இடுப்பளவு நிற்கும் செடி, சிறு பிள்ளைக்குத் தலைமட்டத்தை எட்டிவிடும். மேலே இலை பாய் விரித்ததுபோல் அடர்ந்திருந்தாலும், அடியில் தண்டுகளுக்கிடையே வெற்றிடம்தான். யார் கண்ணிலும் படாமல் ஒரு சிறுத்தை அதனூடே வாசல்வரை வந்துவிடலாம். வேலை முடிந்து திரும்பிய தாய் அடுப்பைப் பற்றவைக்கும் அந்தி நேரத்தில்தான் பிள்ளைகள் வெளியே விளையாடுகிறார்கள். சிறுத்தை நடமாடத் தொடங்குவதும் அப்போதுதான்.

குழந்தையைக் கொன்ற விலங்கை அங்கேயே விட்டுவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கண்ணில் படும் சிறுத்தைகளையெல்லாம் பிடித்து வேறு காட்டில் விட்டால் ஆபத்து நீங்கும் என்ற நம்பிக்கைக்கு மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதி ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது. 2001 முதல் அங்கே சிறுத்தைகளைப் பெருமளவில் பிடித்து இடம் மாற்றினார்கள். அதன்பின் மனிதர்கள் மீதான தாக்குதல்கள் குறையவில்லை, பல மடங்கு கூடின என்பதை வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து காட்டினார்கள். பழக்கமில்லாத இடத்தில் விடப்பட்ட விலங்கு நிலைகொள்ளாமல் அலைகிறது. அது விட்டுப்போன எல்லைக்குள் வேறொரு சிறுத்தை வந்து சேர்கிறது. 2011-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் இத்தகைய இடமாற்றத்தை ஊக்குவிக்கவில்லை.

அதே மகாராஷ்டிரத்தின் அகோலேயில், கரும்புத் தோட்டங்களும் ஊர்களுமாக நெருங்கிய நிலப்பரப்பில், 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து சிறுத்தைகள் வாழ்வதைத் தானியங்கிக் கேமராக்கள் பதிவு செய்தன. அவற்றின் உணவில் பெரும்பங்கு வீட்டு விலங்குகள். அதிலும் நாய்களே முதன்மை. லைன் வீடுகளின் ஓரத்தில் கோழிக் கழிவும் மீன் கழிவும் குவிந்தால் அங்கே நாய்கள் சேரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். அந்தக் குப்பையை அகற்றுவது எஸ்டேட் நிர்வாகமும் உள்ளாட்சியும் செய்ய வேண்டிய வேலை. அதற்குத் துப்பாக்கியும் வேண்டாம், மயக்க ஊசியும் வேண்டாம்.

தொழிலாளருக்கு வீடு தர வேண்டும், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்த வேண்டும் என்று 1951-இலேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. அந்தக் காப்பகம் தாய் வீடு திரும்பும்வரை திறந்திருக்கிறதா? வாசலிலும் கழிப்பறைக்குப் போகும் வழியிலும் விளக்கு எரிகிறதா? வீட்டைச் சுற்றியுள்ள புதர் வெட்டப்பட்டிருக்கிறதா? எச்சரிக்கைப் பலகை தமிழில் மட்டும் இருந்தால், சாதரியும் சந்தாலியும் இந்தியும் பேசும் குடும்பத்துக்கு அதை யார் படித்துச் சொல்வது? நகரத்தில் பாதுகாப்பாக உட்கார்ந்துகொண்டு விலங்குகளோடு இணைந்து வாழுங்கள் என்று இந்தக் குடும்பங்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி, இக்கேள்விகளைக் கேட்காத எவருக்கும் இல்லை என்று நினைக்கிறேன்.

காட்டை ஒட்டிய ஒவ்வொரு லைனையும் மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் தொழிலாளர் துறையும் சேர்ந்து, அந்தி சாய்ந்த பிறகு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். எந்த எஸ்டேட்டில் எந்த வேலை பாக்கி, அதை முடிக்க எவ்வளவு அவகாசம் என்பதை அந்தத் தொழிலாளர்களுக்கும் தெரியும்படி அறிவிக்க வேண்டும்.