குடிக்கும் தண்ணீர் வேறு, குளிக்கும் தண்ணீர் வேறு

கடற்கரைத் தண்ணீரில் 'கிருமி இருக்கிறது' என்றாலே ஆபத்து என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது சரியில்லை. குழாய்த் தண்ணீருக்குத் தென்னாப்பிரிக்காவின் விதி (சான்ஸ் 241) கறாரானது: 100 மில்லியில் ஒரு ஈ.கோலைகூட (மலம் கலந்திருப்பதைக் காட்டும் கிருமி) இருக்கக்கூடாது. கடலில் அப்படிக் கேட்டால் ஒருவரும் கால் நனைக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் கடல்நீருக்கு எண்டரோகாக்கஸ் என்ற குடல் கிருமியை எண்ணுகிறது. 100 மில்லியில் 40 வரை நல்ல நிலை, 500-க்கு மேல் போனால் மோசம். அதுவும் ஒருநாள் மாதிரியை வைத்து அல்ல, பல மாதிரிகளைச் சேர்த்துப் பார்த்து.

டர்பனில் இருக்கும் நமக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்களும் பம்ப் நிலையங்களும் உடைந்து, கடற்கரைகள் மூடப்பட்டன. டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கம் மாதக்கணக்கில் லாரித் தண்ணீர்தான்.

என்னைக் கேட்டால், பலத்த மழைக்குப் பின் இரண்டு நாளாவது கடலில் இறங்காதீர்கள், ஆற்று முகத்துவாரம் பக்கம் போகவே வேண்டாம். காவடிக்கு ஆற்றங்கரையில் கூடுகிறோமே, அங்கேயும் பிள்ளைகள் வாயில் தண்ணீர் போகாமல் பாருங்கள். (பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.)

தொட்டித் தண்ணீர் சந்தேகமாக இருந்தால் கொதிக்க வையுங்கள். முடியாவிட்டால் 25 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வாசனை சேர்க்காத பிளீச் கலந்து இரண்டு மணி நேரம் விடலாம். ஆனால் ஈயம், நைட்ரேட் இரண்டும் கொதிக்க வைத்தாலும் போகாது. ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் ஆய்வகத்தில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.