விபிஎன் ஆப்பில் பச்சை எப்போது எரியலாம்?

விபிஎன் (நெட் டேட்டாவை மறைத்து வேறொரு சர்வர் வழியே அனுப்புவது) ஆப் செய்கிறவர்கள் முதலில் கை வைக்க வேண்டியது 'இணைந்துவிட்டது' என்று காட்டும் அந்தப் பச்சை வட்டத்தில்தான். பட்டனைத் தொட்டதுமே பச்சை வந்துவிடுகிறது. பல நேரம் அதற்கு அர்த்தம், போனுக்குள் டனல், அதாவது டேட்டா சர்வருக்கு மறைவாகப் போகும் பாதை, தயார் என்பது மட்டுமே. சர்வர் பதில் சொன்னதா என்பது வேறு விஷயம்.

வயர்கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பல விபிஎன்கள் இணையப் பயன்படுத்தும் புரோட்டோகால் (இணைப்பு விதிமுறை) அது, வேண்டுமென்றே வாய் திறக்காதது. குறியாக்கச் சாவி தப்பா, வைஃபையில் யுடிபி (வயர்கார்டு டேட்டா அனுப்பும் வழி) அடைத்திருக்கிறதா, சர்வரே படுத்துவிட்டதா, எதற்கும் பதில் வராது. போனின் தேதி பின்னால் போயிருந்தாலும் அப்படித்தான்: ஹேண்ட்ஷேக்கோடு (போனும் சர்வரும் சாவி ஒப்புக்கொள்வது) போகும் நேரம் போன தடவையதைவிடப் புதிதாக இல்லையென்றால் சர்வர் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். போனில் சாவி ஐகான் ஜம்மென்று நிற்கும், ஒரு பக்கமும் திறக்காது. ஆள் 'நெட் இல்லை' என்று சிம் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பார்.

ஹேண்ட்ஷேக் முடிந்து, டனல் வழியே ஒரு சின்ன ரிக்வெஸ்ட் போய்த் திரும்பிய பிறகுதான் பச்சை. பதில் வராவிட்டால் வயர்கார்டு 5 வினாடிக்கு ஒருமுறை, மொத்தம் 90 வினாடி முட்டிப் பார்க்கும். அவ்வளவு நேரம் சக்கரம் சுற்றினால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். 15 வினாடியிலேயே 'சர்வர் பதில் தரவில்லை. தேதியும் நேரமும் சரியா பாருங்கள், வேறு நெட்டில் முயலுங்கள்' என்று சொல்லிவிடலாம். இணைந்த பிறகும் கவனம் வேண்டும். டேட்டா ஓடும்போது சுமார் 2 நிமிடத்துக்கு ஒரு ஹேண்ட்ஷேக் நடக்கும், 180 வினாடி தாண்டிய சாவி செல்லாது. போன் சும்மா கிடந்தால் புதுப்பிப்பு நடக்காது, அதைப் பழுதென்று காட்டிப் பயமுறுத்தக் கூடாது. அனுப்பியும் எதுவும் திரும்பி வராதபோதுதான் மஞ்சள்.

அடுத்தது 'கில் சுவிட்ச்'. அந்தப் பெயரைப் பார்த்துப் பாதிப் பேர் தொடவே மாட்டார்கள், மீதிப் பேர் ஆப்பை நிறுத்தும் பட்டன் என்று நினைப்பார்கள். 'விபிஎன் அறுந்தால் நெட்டையும் நிறுத்து' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? அது வேலை செய்யும்போது திரையில் 'துண்டிக்கப்பட்டது' என்று போடுவது இன்னும் மோசம். 'பாதுகாப்புக்காக நெட் நிறுத்தப்பட்டுள்ளது' என்பது தனி நிலை, அதற்குத் தனித் திரை வேண்டும். லேப்டாப்பில் ஹோட்டல் வைஃபையின் லாகின் பக்கம் திறக்காமல் போவதும் பெரும்பாலும் இதனால்தான். அங்கே 'லாகின் செய்ய 5 நிமிடம் திறந்துவிடு' என்று ஒரு பட்டன் போதும்.

ஆண்ட்ராய்டில் இன்னொரு சிக்கல். செட்டிங்ஸில் 'விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடு' போட்டிருந்தால், ஆப்பில் விபிஎன்னை நிறுத்தியதும் நெட்டே செத்துவிடும். ஆண்ட்ராய்டு 10 முதல் இந்தத் தடுப்பு இருக்கிறதா என்று ஆப்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நிறுத்தும் முன் எச்சரித்து, அந்த செட்டிங்ஸ் பக்கத்தையும் திறந்து காட்ட வேண்டும்.

தமிழில் போடுகிறவர்களுக்கு ஒன்று. பட்டனில் 'இணைப்பு' என்று எழுதாதீர்கள். இணைந்திருக்கிறதா, இனிமேல்தான் இணைக்க வேண்டுமா? நிலையை மேலே 'இணைந்துள்ளது' என்றும், பட்டனில் 'நிறுத்து' என்றும் போடுங்கள். 'துண்டிக்கவும்' சின்னத் திரையில் இரண்டு வரியாக உடையும், 'நிறுத்து' உடையாது.