6:44-க்குப் போட்ட செய்தி

சனிக்கிழமை நடந்ததை மறுபடி முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. எங்கள் ஃபேன்டசி ஐஸ் ஹாக்கிக் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும்; நிஜ ஆட்டக்காரர்களை நாம் தேர்ந்தெடுத்து, அவர்கள் ஆடுவதை வைத்துப் புள்ளி வாங்கும் விளையாட்டு அது. இல்லாதவர்களுக்கும் அந்த ஸ்கிரீன்ஷாட் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும். நான் மதியம் குழுவில் போட்ட லைனப், அதாவது நான் தேர்ந்தெடுத்த ஆட்டக்காரர் பட்டியல், ஒரு பக்கம், இரவு இனி மாற்ற முடியாது என்று லாக் ஆனபிறகு தெரிந்த என் லைனப் இன்னொரு பக்கம், மாறியிருந்த இரண்டு பெயர்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே ஒரு வரி: "அண்ணாச்சி நமக்கு ஒண்ணு, தனக்கு ஒண்ணு." இரண்டு நாள் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். நேற்று இரவு ஒருவர் "உள்குத்து" என்று எழுதியதைப் பார்த்தபிறகு தூக்கம் வரவில்லை.

மதியம் லைனப்போடு என்ன எழுதினேன்? "கீப்பர் இன்னும் உறுதியாகவில்லை, ஆறரைக்கு ஒருமுறை பாருங்கள்." மாலை 6:44-க்கு என்ன எழுதினேன்? "கீப்பர் மாறியாச்சு, நான் மாற்றிவிட்டேன், நீங்களும் மாற்றுங்கள்." மகளின் பரதநாட்டிய வகுப்புக்கு வெளியே, காருக்குள் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றிவிட்டு அடித்த செய்தி அது. அந்த நேரத்தில் குழுவில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்றும் மேலே போய்ப் பாருங்கள். நியூஜெர்சி குளிரில் இட்லி மாவைப் பொங்கவைப்பது எப்படி என்ற விவாதம். ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைக்கலாமா என்பதற்குப் பதினான்கு பதில்கள். என் செய்திக்கு ஒரு கட்டைவிரல்கூட இல்லை.

இந்த விளையாட்டில் லைனப் என்பது மதியம் எழுதி மடித்துக் கொடுக்கும் மளிகைச் சீட்டு அல்ல. பக் (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலான வட்டு) விழுந்து ஆட்டம் தொடங்கும் நிமிடம்வரை அது மாறிக்கொண்டேதான் இருக்கும். நூறு முறை சொல்லியிருக்கிறேன், நூற்றியோராவது முறையும் சொல்கிறேன்.

விஷயம் தெரியாமல் திட்டுகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். நாங்கள் ஆடும் டிராஃப்ட்கிங்ஸ் தளத்தில் என்எச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) லைனப்புக்கு ஒன்பது பேர். இரண்டு சென்டர், மூன்று விங்கர், இரண்டு டிபன்ஸ்மேன், ஒரு கீப்பர், விருப்பத்துக்கு இன்னொரு ஆட்டக்காரர். மொத்தச் சம்பள வரம்பு 50,000 டாலர் (கற்பனைப் பணம்தான்), ஆளுக்குச் சராசரி 5,555. மெக்டேவிட், மெக்கினன் மாதிரி நட்சத்திர ஆட்டக்காரரை எடுத்தால் பட்ஜெட்டில் பெரிய ஓட்டை விழும், மிச்ச இடங்களில் மலிவான ஆளைத்தான் தேட வேண்டும். கோலுக்கு 8.5 புள்ளி, கோலுக்கு வழிசெய்து பக்கைக் கொடுத்த அசிஸ்டுக்கு 5, கோலை நோக்கி அடித்த ஒவ்வொரு ஷாட்டுக்கும் 1.5. ஒரு கோலுக்கு இரண்டு பேர்வரை அசிஸ்ட் வாங்கலாம். அதனால்தான் ஒரே லைனில், அதாவது சேர்ந்தே களமிறங்கும் முன்கள மூவராக, ஆடும் மூன்று பேரைச் சேர்த்து எடுக்கச் சொல்வது. மூவரும் சேர்ந்து ஒரு கோல் போட்டால் அந்த ஷாட்டையும் கூட்டி 20 புள்ளி வந்துவிடும். அந்த மூவரும் முதல் பவர்பிளே (எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும் நேரம்) அணியிலும் ஒன்றாக இறங்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். 2022-23 சீசனில் எட்மன்டன் அணி தன் பவர்பிளே வாய்ப்புகளில் 32.4 சதவீதத்தைக் கோலாக்கியது, லீக் வரலாற்றிலேயே அதுதான் உச்சம். அந்த வருடம் எட்மன்டனை எடுக்காமல் "எனக்கு மட்டும் அதிர்ஷ்டமே இல்லை அண்ணாச்சி" என்று புலம்பியவர்கள் இந்தக் குழுவில் உண்டு. பெயர் சொல்லவில்லை.

அப்புறம் கீப்பர். ஆங்கிலத்தில் கோலி என்பார்கள், நம் ஆட்கள் விராட் கோலியைச் சொல்லிக் கிண்டல் செய்வதால் நான் கீப்பர் என்றே எழுதுகிறேன். ஜெயித்தால் 6 புள்ளி, தடுத்த ஒவ்வொரு பக்குக்கும் 0.7, விட்ட ஒவ்வொரு கோலுக்கும் 3.5 கழியும். 28 தடுத்து, 2 விட்டு, ஜெயித்தால் 18.6. 20 தடுத்து, 5 விட்டு, தோற்றால் மைனஸ் 3.5. ஒரே ஆள், இரண்டு இரவு, 22 புள்ளி வித்தியாசம். இறங்கவே இல்லையென்றால் பூஜ்யம். சனிக்கிழமை ஐந்து பேருக்கு விழுந்தது இந்தப் பூஜ்யம்தான்.

யார் கீப்பர் என்று எப்படித் தெரியும்? காலைப் பயிற்சி முடிந்து முதலில் பனித்தரையைவிட்டு வெளியே போகும் கீப்பர்தான் பெரும்பாலும் அன்று இரவு ஆடுவார். அங்கே நிற்கும் நிருபர்கள் அதைப் பார்த்து எழுதுகிறார்கள், டெய்லி ஃபேஸ்ஆஃப் போன்ற தளங்கள் அதைத் தொகுத்துத் தருகின்றன. அடுத்தடுத்த நாளில் இரண்டு ஆட்டம் என்றால் ஒன்றை இரண்டாவது கீப்பருக்குக் கொடுப்பார்கள். ஆனால் கடைசிச் சாட்சி, ஆட்டத்துக்கு அரைமணி முன்னால் நடக்கும் வார்ம்-அப். அணியை முன்னால் நடத்திக்கொண்டு வருகிறவர்தான் அன்றைய ஆள். சனிக்கிழமை காலையில் சொன்னவர் ஒருவர், 6:30-க்கு அணியை நடத்திக்கொண்டு வந்தவர் வேறொருவர். நான் அதைப் பார்த்தேன், நீங்கள் பார்க்கவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

இதுகூட வேண்டாம். 2020 பிப்ரவரி 22, டொரொன்டோவில் கரோலினா அணியின் இரண்டு கீப்பர்களும் ஒரே இரவில் காயம்பட்டு வெளியேறினார்கள். அவசரத்துக்கென்று அரங்கில் உட்கார்ந்திருந்த டேவிட் ஏயர்ஸ் இறங்கினார். வயது 42, ஐஸ் தரையைச் சீராக்கும் ஜம்போனி வண்டி ஓட்டியவர். முதல் இரண்டு ஷாட்டும் கோல். அதன்பிறகு வந்த எட்டையும் தடுத்தார். கரோலினா 6-3 என்று ஜெயித்தது. அன்றைக்கு மதியம் லைனப் போட்டவர்கள் எல்லாம் உள்குத்தா செய்தார்கள்?

இப்போது நீங்கள் கேட்கப்போவதற்கு வருகிறேன். "அவ்வளவு அக்கறை என்றால் போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே?" பன்னிரண்டு பேர் ஆடும் போட்டி. பதினாறு நிமிடத்தில் எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டுமா? நான் என்ன, மண்டபத்தில் பந்திக்கு அழைக்கும் பெண் வீட்டுக்காரனா? அதுவும் என் எதிராளியை நானே கூப்பிட்டு, "தம்பி, உன் கீப்பர் ஆடவில்லை, மாற்றிக்கொண்டு என்னைத் தோற்கடி" என்று கெஞ்ச வேண்டும். அப்படியும் குழுவில் எழுதினேன். எழுதியிருக்கவே தேவையில்லை. எழுதினேன்.

"கீப்பரைச் சொன்னீர்கள், விங்கரை மாற்றியதைச் சொல்லவில்லையே?" சரி. சொல்லவில்லை. புதுக் கீப்பர் 700 டாலர் கூடுதல், எங்காவது குறைத்தால்தான் 50,000-க்குள் அடங்கும். ஒரு விங்கரைத் தூக்கிவிட்டு, வார்ம்-அப்பில் முதல் லைனோடு ஓடிய மலிவான பையனை எடுத்தேன். அவன் இரண்டு கோல் போடுவான் என்று எனக்கு ஜோசியமா தெரியும்? வகுப்பு விட்டாயிற்று, மகள் கதவைத் தட்டுகிறாள். அந்த ஒரு வரியை எழுதியிருக்கலாம்தான். எழுதவில்லை. அதற்காகத் துரோகமா?

"இதெல்லாம் சூதாட்டம், இதற்கு இவ்வளவு பேச்சா" என்று ஊரிலிருந்து படிக்கிறவர்கள் கேட்பீர்கள். இது திறமை விளையாட்டுதான் என்று நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமே 2022-ல் தீர்ப்பளித்தது. நான்குக்கு மூன்று என்ற கணக்கில். அந்த மூன்று பேரைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

நான் உண்மையில் சொல்ல வருவது வேறு. ஐந்து பேர் என் லைனப்பை ஒரு பெயர்கூட மாற்றாமல் அப்படியே போட்டிருந்தீர்கள். அதே ஒன்பது பேரை வைத்துக்கொண்டு என்னை எப்படி ஜெயிப்பீர்கள்? நான் எடுக்கும் அதே புள்ளியைத்தான் நீங்களும் எடுப்பீர்கள், பரிசை ஆறாகப் பிரிக்க வேண்டும். நான் லைனப் போடுவது, "இந்த லைனை ஏன் எடுத்திருக்கிறார்" என்று ஒருவராவது கேட்பார் என்ற ஆசையில். மூன்று வருடத்தில் அப்படிக் கேட்டவர் ஒருவர். அவரும் டெக்சாஸ் போய்விட்டார். மற்றவர்களுக்கு வேண்டியது விடைத்தாள். ஆட்டம் பார்ப்பதில்லை. நியூஜெர்சியின் என்எச்எல் அணியான டெவில்ஸின் அரங்கம் இங்கிருந்து முக்கால் மணி நேரம், ஒருமுறை போகலாம் என்று போன சீசனில் எத்தனை தடவை கேட்டேன்? பார்க்கிங் விலை அதிகமாம்.

நான் கோவில்பட்டிக்காரன். அந்த ஊரில் ஹாக்கி என்றால் என்ன என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். இப்போது செயற்கைப் புல்தரை வந்துவிட்டது, எங்கள் காலத்தில் மண் மைதானம். பந்து எங்கே எகிறும் என்று பந்துக்கே தெரியாது. பத்தாம் வகுப்பில் எங்கள் அணியில் நான் இரண்டாவது கீப்பர். இரண்டாவது கீப்பர் என்றால் தண்ணீர் கேனும் கால் கவசப் பையும் தூக்குகிறவன். ஒரு போட்டியன்று காலையில் டீயும் பன்னும் தின்றுகொண்டிருக்கும்போது சார் வந்து, "லேய், அவனுக்குக் காய்ச்சல், நீ கட்டு" என்றார். அவ்வளவுதான் அறிவிப்பு. என் காலுக்கு இரண்டு மடங்கு கவசம், வாரைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார்கள். ஐந்து கோல் விட்டேன். ஆறாவதைத் தடுத்தேன், மோவாயில் தையல் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் தெருக்கார மாமா ஒருவர், எங்கள் அணிமேல் பரோட்டாவுக்குப் பந்தயம் கட்டியவர், "நீ இறங்குவேன்னு யாருல சொன்னா?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினார். எனக்கே அரைமணி முன்னால்தான் தெரியும் மாமா என்று சொல்ல வாய் வரவில்லை. வாயெல்லாம் ரத்தம்.

அந்த மாமாவின் குரல்தான் நேற்று குழுவில் கேட்டது. முப்பது வருடம் கழித்து, கிட்டத்தட்ட பதினான்காயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.

ஆளுக்குப் பத்து டாலர் போட்டி. எனக்கு வந்தது 54 டாலர். வரிப் படிவம் நிரப்ப என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள், மாமியார் வரும்போதெல்லாம் விமான நிலையத்துக்கு என் வேனைக் கேட்டவர்கள், 54 டாலருக்காக நான் தங்களைக் கவிழ்த்தேன் என்கிறார்கள். ஒருவராவது "இல்லை, 6:44-க்குச் செய்தி வந்திருக்கிறது, பாருங்கள்" என்று எழுதினீர்களா? படித்தவர்கள் இருந்தீர்கள். இரண்டு நீலக் குறி எனக்கும் தெரியும்.

இனிக் குழுவில் லைனப் போடமாட்டேன். தனியாகவும் கேட்காதீர்கள். கீப்பர் யாரென்று நீங்களே பாருங்கள், ஆறரைக்கு, ஒரு நிமிட வேலை.

அந்த 54 டாலரில் நாற்பதுக்கு, உள்குத்து என்று எழுதிய தம்பியின் மகனுக்கு ஞாயிறன்றே லெகோ வாங்கிவிட்டேன். ஹாக்கி ஆடுகிற பொம்மை கிடைக்கவில்லை, தீயணைப்பு வண்டிதான் இருந்தது. பெட்டி இன்னும் கார் டிக்கியில் கிடக்கிறது. வருகிற சனிக்கிழமை பிறந்தநாள், ஆறு மணிக்கு கேக். வீட்டில் போகலாம் என்கிறாள். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.