தேதி போனால் வழக்கும் போகவேண்டுமா?
பொதுக்கூட்டத்துக்குப் போலீஸ் போடும் தடையை எதிர்த்து வழக்குப் போட்டாலும், கூட்டத் தேதி கடந்ததும் வழக்கும் முடிந்துவிடும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அது வழக்கு மனுவில் கோரிக்கையை எழுதும் விதத்தைப் பொறுத்தது. சென்னை நகரக் காவல் சட்டம் 41-ஆவது பிரிவில் போடும் தடை, அரசு ஒப்புதல் இல்லாமல் 15 நாளுக்கு மேல் நிற்காது. அந்த ஒரு உத்தரவை மட்டும் ரத்து செய்யக் கேட்டால், விசாரணைக்கு வருவதற்குள் அது காலாவதியாகி, ‘இன்ஃப்ரக்சுவஸ்’ (இனி விசாரித்துப் பயனில்லை) என்று வழக்கை மூடிவிடுவார்கள். பிறகு புது உத்தரவு வரும். எனவே தடையை விடாமல் நீட்டிப்பதே சட்டவிரோதம் என்று அறிவிக்கும்படியும் சேர்த்துக் கேளுங்கள். பழைய உத்தரவு நகல்களைத் தேதிவாரியாக டைப்செட்டில், அதாவது மனுவோடு தாக்கல் செய்யும் ஆவணத் தொகுப்பில், வையுங்கள். இதேபோன்ற 144 தடை உத்தரவைத் திரும்பத் திரும்பப் போடுவது அதிகார துஷ்பிரயோகம் என்று, காஷ்மீர் கட்டுப்பாடுகள் பற்றிய 2020 அனுராதா பசின் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அடுத்தது லோக்கஸ், அதாவது வழக்குப் போட உங்களுக்குள்ள தகுதி. கூட்டம் ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ, எங்கே என்றாலும், இடம், நேரம், ஆள் எண்ணிக்கை, ஒலிபெருக்கி எல்லாம் எழுதிப் போலீசில் அனுமதி மனு கொடுத்து, முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். ‘தரமாட்டோம்’ என்ற வாய்வார்த்தையை நம்பிக் கோர்ட்டுக்குப் போனால் ‘உங்களுக்கு என்ன பாதிப்பு’ என்ற கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். சட்டப்பிரிவையே எதிர்த்தால் இவ்வளவு கெடுபிடி இல்லை. இணையப் பதிவுகளுக்காகக் கைது செய்ய வழிவிட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை எதிர்த்து வழக்குப் போட்ட ஷ்ரேயா சிங்கல் அந்தப் பிரிவில் கைதானவரே அல்ல. 2015-ல் அந்தப் பிரிவே ரத்தானது.