கணக்கு வகுப்பில் அனுமானிக்கும் உரிமை யாருக்கு?

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த தேசியக் கல்வி மதிப்பீட்டில் 13 வயது மாணவர்களிடம் ஒரு கணக்கு கேட்கப்பட்டது. ஒரு ராணுவப் பேருந்தில் 36 வீரர்கள் ஏறலாம்; 1,128 வீரர்களைப் பயிற்சி முகாமுக்கு அழைத்துச் செல்ல எத்தனை பேருந்துகள் வேண்டும்? மாணவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் வகுத்தலைப் பிழையின்றிச் செய்தனர். ஆனால் 32 பேருந்துகள் என்று விடை எழுதியவர்கள் 23 விழுக்காட்டினர் மட்டுமே. 29 விழுக்காட்டினர் "31, மீதி 12" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விட்டனர். அந்தப் பன்னிரண்டு வீரர்களும் எப்படி முகாமுக்குப் போய்ச் சேர்வார்கள் என்ற கேள்வி அவர்களுக்கு எழவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சின் கிரெனோபிள் நகரத்துக் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் 97 பேரிடம் இதைவிட விசித்திரமான ஒன்றைக் கேட்டனர். ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன? கொடுக்கப்பட்ட எண்களை வைத்து விடை சொன்னவர்கள் 76 பேர். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள், நம் ஊர் வகுப்பறை ஒன்றில் இதையே கேட்டால் என்ன நடக்கும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரிக்கலாம்.

இந்தக் குழந்தைகளை அறிவற்றவர்கள் என்று நான் கருதவில்லை. வகுப்பறையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சில விதிகளை அவர்கள் நன்றாகக் கற்றிருக்கிறார்கள். கேட்கப்படும் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரே ஒரு விடை உண்டு. தரப்பட்ட எண்கள் அனைத்தையும் பயன்படுத்தியாக வேண்டும். எந்தச் செயலைச் செய்ய வேண்டும் என்பதை அந்த வாரம் நடத்தப்படும் பாடம் சொல்லிவிடும். விடை உலகத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது மாணவரின் வேலை இல்லை. இந்த விதிகளின்படி நடக்கும் பிள்ளைக்கு மதிப்பெண் குறைவதில்லை என்பதால், அவற்றை மீறிப் பார்க்க அதற்குக் காரணமும் இல்லை.

நாம் "வாழ்க்கைக் கணக்கு" என்று பெருமையோடு சொல்லும் வினாக்களும் பெரும்பாலும் இந்த விதிகளையே வளர்க்கின்றன. 5 பேர் ஒரு சுவரை 12 நாளில் கட்டினால் 60 பேர் எத்தனை நாளில் கட்டுவார்கள் என்று கேட்டால், எதிர் விகிதப் பாடத்தில் இருக்கும் மாணவர் ஒரே நாள் என்று எழுதுவார். நாமும் சரி என்று குறியிடுவோம். ஆனால் அந்த மாணவரின் தந்தை கொத்தனாராக இருந்தால், ஒரு சுவருக்கு முன்னால் அறுபது பேர் நிற்க இடமிருக்காது என்பதும், ஒரே நாளில் முழு உயரத்துக்கும் சுவரை ஏற்றிவிடக் கூடாது என்பதும், கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வேலை வேறு என்பதும் வீட்டில் பேசப்படும் செய்திகளாக இருக்கும். அந்த அறிவு பள்ளி வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஆட்கள் கூடக் கூட நாட்கள் அதே விகிதத்தில் குறையும் என்ற அனுமானத்தைப் பாடநூல் ஆசிரியர் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார். மாணவருக்கு எஞ்சியிருப்பது பெருக்கலும் வகுத்தலும்தான்.

நிஜ நிலவரம் ஒன்றைக் கணக்காக மாற்றி விடை தேடும் கணித மாதிரியாக்கம் என்பதன் உயிர் அந்த அனுமானத்தில்தான் இருக்கிறது. எதைக் கணக்கில் எடுப்பது, எதை விடுவது, எதை அளப்பது, எதை உத்தேசமாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வதும், வந்த விடையை மீண்டும் நிலவரத்தோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் அனுமானத்தைத் திருத்துவதும் மாணவரின் கையில் இருக்க வேண்டும். இந்த உரிமையைக் கொடுக்காமல், வினாவில் கொஞ்சம் மாம்பழத்தையும் கொஞ்சம் ரயிலையும் சேர்த்துவிட்டால் அது செயல்வழிக் கணிதம் ஆகிவிடாது என்பதே என் கருத்து.

சென்னைப் பள்ளி ஒன்றின் எட்டாம் வகுப்புக்குப் பொருந்தக்கூடிய ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். "உங்கள் வீட்டு மொட்டை மாடியில் விழும் மழை உங்கள் வீட்டுக்குப் போதுமா?" இதில் ஓர் எண்கூட இல்லை. மாணவர்கள் முதலில் மாடியை அளக்க வேண்டும். ஆயிரம் சதுர அடி என்று வைத்துக்கொண்டால் அது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சரியாக ஒரு லிட்டர் நீர் என்பதை அவர்களே கண்டுபிடிக்க விட வேண்டும். மழையளவை நீளத்தின் அலகில் சொல்வது ஏன் என்பது அந்த இடத்தில்தான் புரியும். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். பெருக்கினால் 1,30,200 லிட்டர். சிதறுவதும் ஆவியாவதும் முதல் மழையில் அழுக்கோடு வெளியேற்றுவதும் போக எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டால் வகுப்பில் வாக்குவாதம் எழும், எழ வேண்டும். எண்பது விழுக்காடு என்று முடிவு செய்தால் 1,04,160 லிட்டர். நகரங்களுக்கான திட்ட அளவான ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பதை எடுத்தால் நால்வர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர். வகுத்தால் ஏறத்தாழ 193 நாட்கள்.

வழக்கமான வகுப்பு இந்த இடத்தில் விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டுவிட்டு முடியும். மாதிரியாக்க வகுப்பு இங்கேதான் சூடுபிடிக்கிறது. குடத்தில் நீர் பிடிக்கும் தெருவிலிருந்து வரும் பிள்ளை, "எங்கள் வீட்டில் 135 லிட்டர் யாருக்குக் கிடைக்கிறது?" என்று கேட்கும், குடங்களை எண்ணித் தன் வீட்டுக்கான அளவை அது தானே கண்டுகொள்ளட்டும். இன்னொரு பிள்ளை, மழை ஆண்டு முழுவதும் சமமாகப் பெய்வதில்லையே என்று சொல்லும். சென்னையின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் பெய்தால், அதே எண்பது விழுக்காட்டுக் கணக்கில், அதே மாடியிலிருந்து 3,720 லிட்டர் வரும். மாடியில் இருப்பதோ இரண்டாயிரம் லிட்டர் தொட்டி. அப்படியானால் 193 நாட்கள் என்ற விடை வகுத்தலில் சரியாகவும் வாழ்க்கையில் பொய்யாகவும் இருக்கிறது. தொட்டியின் கொள்ளளவைச் சேர்த்து, மாதவாரியாக வரவு செலவு அட்டவணை போட்டுப் பார்த்தால், நவம்பரில் வழிந்தோடும் நீரை மே மாதத்துக்குக் கொண்டுபோக வீட்டுத் தொட்டியால் முடியாது என்பது தெரியும். எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய 2003ஆம் ஆண்டின் தமிழக அரசு நடவடிக்கை, நீரை நிலத்துக்குள் இறக்குவதில் ஏன் அவ்வளவு கவனம் செலுத்தியது என்பதற்கான காரணம், சமூக அறிவியல் பாடம் இல்லாமலேயே பிள்ளைகளின் நோட்டில் வந்து நிற்கும்.

ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, கணக்குத் தீர்க்கும் வழியை 1945இல் வெளிவந்த தம் நூலில் நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: கணக்கைப் புரிந்துகொள்வது, திட்டமிடுவது, செய்து முடிப்பது, திரும்பிப் பார்ப்பது. மூன்றாவதைத்தான் நாம் கற்பிக்கிறோம், மூன்றாவதற்குத்தான் மதிப்பெண் தருகிறோம். பேருந்துக் கணக்கில் வகுத்தலைச் சரியாகச் செய்தும் தவறியவர்கள் தவறியது நான்காவதில்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்குப் பழந்தமிழ்க் கணித நூலான கணக்கதிகாரத்தை நினைவூட்ட விரும்புகிறேன். பலாப்பழத்தை அறுக்காமலேயே அதிலுள்ள சுளைகளின் எண்ணிக்கையை அறிய, காம்பருகே உள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கச் சொல்கிறது அதில் வரும் வெண்பா. இணையத்தில் இதைப் பகிர்பவர்கள் முன்னோரின் மேதைமையைப் போற்றிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பழத்தை அறுத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. எனக்கு அந்த வெண்பா ஒரு கணித மாதிரியாகவே தெரிகிறது: கண்ணுக்குத் தெரியும் ஓர் அளவிலிருந்து தெரியாத ஓர் அளவை மதிப்பிடும் சூத்திரம். பண்ருட்டிப் பக்கத்துப் பள்ளிகளில் பருவகாலத்தில் பத்துப் பழங்களை எடுத்து, முட்களை எண்ணி, பிறகு அறுத்துச் சுளைகளை எண்ணி, வரைபடத்தில் புள்ளிகளை வைத்துப் பார்க்கலாம். "காம்பருகே" என்றால் எந்த வரிசை வரை என்பதிலேயே முதல் சண்டை வரும். ஆறுக்கு ஐந்து என்ற விகிதம் நிற்கிறதா, பழத்துக்குப் பழம் மாறுகிறதா என்பதை அந்தப் புள்ளிகள் சொல்லட்டும். நிற்காவிட்டாலும் முன்னோருக்கு அது இழுக்காகாது. முடிந்தபின் சுளைகளை என்ன செய்வது என்று ஆசிரியர் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த முறையை ஏற்காதவர்களின் வாதங்களில் எடையுள்ளவை உண்டு. அடிப்படைத் திறன் இல்லாத மாணவரிடம் திறந்த கேள்வியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றால் அவர் திணறுவார், கற்கமாட்டார் என்று கல்வி உளவியல் ஆய்வாளர்களான கிர்ஷ்னரும் ஸ்வெல்லரும் கிளார்க்கும் 2006இல் எழுதிய கட்டுரை கடுமையாக வாதிட்டது. நிலவரத்திலிருந்து கணிதத்தை வளர்த்தெடுக்கும் முறைக்குப் பெயர்பெற்ற நாடு, அம்முறையின் முன்னோடியான கணித அறிஞர் ஹான்ஸ் பிராய்டன்டால் வாழ்ந்த நெதர்லாந்து. அங்கும் மரபு முறையா புதிய முறையா என்று பெரும் சர்ச்சை எழுந்து, அந்நாட்டு அறிவியல் கழகம் 2009இல் அளித்த அறிக்கையில், ஒன்று மற்றொன்றைவிட உறுதியாக மேலானது என்று காட்டும் சான்று இல்லை என்றே கூறியது. ஆகவே வாய்ப்பாட்டைத் தூக்கியெறியச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 93ஐ 1,400ஆல் பெருக்கத் திணறும் பிள்ளையால் மழையைப் பற்றிச் சிந்திக்க முடியாது. அதன் கவனம் முழுவதும் பெருக்கலிலேயே தீர்ந்துபோகும். பயிற்சிக் கணக்குகள் வாரம் முழுவதும் இருக்கட்டும். மாதத்தில் இரண்டு பாடவேளையாவது எண்ணில்லாத ஒரு கேள்வி வரட்டும் என்பதே நான் கேட்பது. அதையும் ஆசிரியர் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கும் வகுப்பாக நடத்தக் கூடாது; எந்த அனுமானத்தில் குழு சிக்கியிருக்கிறது என்று பார்த்து, விடையைச் சொல்லாமல் அடுத்த கேள்வியைக் கேட்பது, விளக்கிப் பாடம் நடத்துவதைவிடக் கடினமான வேலை.

நேரமில்லை என்ற பதிலை எல்லாரும் சொல்வார்கள். பத்தாம் வகுப்பு ஆசிரியர் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். அந்தத் தேர்வின் 100 மதிப்பெண்ணில் அனுமானத்துக்கென்று ஒரு மதிப்பெண்கூட இல்லை. விடைத்தாள் திருத்தும் முகாமில், மாணவருக்கு மாணவர் மாறும் விடைக்கு விடைக்குறிப்பு தயாரிப்பதும் எளிதில்லை. என்.சி.இ.ஆர்.டி. 9, 10ஆம் வகுப்புக் கணித நூல்களில் மாதிரியாக்கம் பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டது. தேர்வில் வராத பின்னிணைப்பை எத்தனை பள்ளிகள் திறந்து பார்த்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கீழ்வகுப்புகளுக்கு இந்தச் சாக்கு பொருந்தாது. முப்பருவ முறையோடு வந்த தொடர் மதிப்பீட்டில் வளரறி (அ) என்று செயல்பாடுகளுக்கென்றே மதிப்பெண் ஒதுக்கப்பட்டது. அந்த இடத்தை நாம் சார்ட் பேப்பராலும் வண்ண ஸ்கெட்ச் பேனாவாலும் கடையில் வாங்கிய தெர்மோகோல் கனசதுரங்களாலும் நிரப்பினோம். செய்தது பிள்ளையா, பெற்றோரா என்றுகூடப் பல நேரம் தெரியாது. அதே மதிப்பெண்ணை, மாடி மழைக்கோ பலாச்சுளைக்கோ மாணவர் எழுதித் தரும் ஒரு பக்கத்துக்குக் கொடுக்கலாம்: என்ன அனுமானித்தேன், ஏன், விடை எங்கே பொருந்தவில்லை, எதை மாற்றினேன். இதற்குப் புதிய அரசாணை எதுவும் தேவையில்லை.